கடைசிப் பந்தி

மணிமேகலையின் அமுதசுரபி பசித்து வந்தவரிடம் ஊரும் பேரும் கேட்கவில்லை. ஆனால் அதில் முதல் பிச்சை இடுபவள் பத்தினியாக இருக்க வேண்டியிருந்தது. ஆதிரை ஏற்கெனவே தீயில் இறங்கித் தன் கற்பை மெய்ப்பித்தவள் என்பதால் தேறினாள். உண்பவர்க்கு நிபந்தனை இல்லை, ஊட்டுகிறவளுக்கு உண்டு. பசிப்பிணி தீர்க்கும் அறத்தைப் பேசும்போதெல்லாம் இந்த முடிச்சு எனக்கு உறுத்துகிறது.

1961இல் உருவான உலக உணவுத் திட்டம் 2020இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது. அரசுகளும் தொண்டு நிறுவனங்களும் கைகோத்துப் பஞ்ச நிலங்களுக்கும் போர் நிலங்களுக்கும் தானியம் சேர்ப்பது பெரிய காரியம்தான். ஆனால் உணவு உதவி பெரும்பாலும் குடும்பக் கணக்கில் அளக்கப்படுகிறது. அட்டையும் குடும்பத்துக்கு, மூட்டையும் குடும்பத்துக்கு. பசி மட்டும் தனித்தனி உடம்புக்கு வருகிறது.

நம் நாட்டின் 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டின் மூத்த பெண்ணையே அட்டையில் குடும்பத் தலைவி ஆக்கியது. வரவேற்போம். அந்தத் தலைமை ரேஷன் கடை வாசலோடு நின்றுவிடுகிறது. அடுக்களையில் அவளுக்குக் கடைசிப் பந்திதான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஆண்களில் 25 விழுக்காடு. மாதவிடாயும் மகப்பேறும் இதற்குக் காரணம் என்பார்கள். மெய்தான். அப்படியானால் அதிகம் இழக்கும் உடம்புக்கு அதிகம் பரிமாற வேண்டும் அல்லவா?

வீட்டுக்குள் நடக்கும் பங்கீட்டில் அரசு என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். 1956இல் காமராஜரின் மதிய உணவும் 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவும் அதற்கு ஒரு வழி காட்டின. பள்ளி வரிசையில் அமர்ந்த சிறுமிக்கும் அவள் தம்பிக்கும் ஒரே கரண்டிதான் அளவு. அந்த நேரத்துக்கு வீட்டின் பங்கீடு செல்லாது.

அந்தச் சிறுமி வளர்ந்த பிறகு? 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், கருவுற்றபோதும் பாலூட்டும்போதும் அவளுக்கு ஊட்டம் தருகிறது. பிள்ளைக்காக உண்ணும் தாயாக அவளை அது அடையாளம் காண்கிறது. தனக்காகப் பசிக்கும் பெண்ணை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

உணவு உரிமை என்றால் அதைத் தாய்மையாலோ தியாகத்தாலோ அவள் ஈட்ட வேண்டியதில்லை. பசித்தாள் என்பது போதும். மூட்டைகளை எண்ணுகிறவர்கள் தட்டுகளையும் எண்ணட்டும். நாமும் எண்ணுவோம்: இன்றிரவு நம் வீட்டில் சட்டியின் அடியில் மிஞ்சுவது யார் தட்டுக்குப் போகிறது?