கட்டாயம்னா அது தொண்டா?

எங்க மார்க்கையன்கோட்டைப் பசங்க பழனிக்குப் பாதயாத்திரை போவது யார் கட்டாயத்திலும் இல்லை. அதைச் சொல்லி, "மனசார வந்தாத்தான் தொண்டு, கட்டாய தேசசேவை நமக்கு வேண்டாம்" என்று குரூப்பில் ஒருவர் போட்டிருந்தார். பாதிதான் சரி.

சிங்கப்பூரில் 1967 முதல் இது கட்டாயம். 18 வயதானால் ஆண்பிள்ளைகள் இரண்டு வருஷம் போயே ஆகணும். அங்கே முதலாளி மகனுக்கும் டிரைவர் மகனுக்கும் ஒரே சீருடை. இங்கே 2022-ல் வந்த அக்னிபத் விருப்பத் திட்டம்தான். நாலு வருஷம், அதுக்குப் பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் தொடர முடியும். வேற வேலை கிடைக்காதவனுக்கு அது எப்படி விருப்பம் ஆகும்? ஐடியில் இருக்கிற எனக்கு அந்த வரிசையில் நிற்கும் தேவையே வரலை.

நம் அரசியல் சாசனத்தின் 23-வது பிரிவு கட்டாய உழைப்பைத் தடுக்குது. அதே பிரிவு, பொதுக் காரியத்துக்கு அரசு கட்டாய சேவை கேட்கலாம், ஆனால் மதம், இனம், சாதி, வர்க்கம் பார்க்கக் கூடாது என்றும் சொல்லுது. அந்த நிபந்தனைதான் முக்கியம்.

ஏன்னா, நம்ம குடிமராமத்தும் கட்டாயம்தான். 1858-ல் சென்னை மாகாணத்தில் அதுக்குச் சட்டமே இருந்தது. ஆனா தண்ணீர் நிலக்காரருக்குப் போக, பல ஊர்களில் மண்வெட்டி பிடிச்சது நிலமில்லாதவங்க!

ஆள் மாத்தி அனுப்பவோ பணம் கட்டித் தப்பவோ வழி இல்லாம ஒரு வருஷம் கேட்டால் எனக்குச் சம்மதம். துப்பாக்கிகூட வேண்டாம், முல்லைப் பெரியாறு வாய்க்காலில் தூர்வாரச் சொல்லட்டும். ஆனா முழுச் சம்பளம் தரணும். மகன் கூலியில் அடுப்பெரியும் வீடுகள் எங்க தெருவிலேயே இருக்கு.