இறந்தவருக்காக வழங்கப்படும் கோதுமை

பல்கேரியாவில் வீட்டுக் கதவு, மின்கம்பம், பேருந்து நிறுத்தம், தேவாலயச் சுவர் என்று கண்ட இடமெல்லாம் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். மேலே சிலுவை, அதன் கீழ் ஒரு முகம், பெயர், வயது, சில வரி இரங்கல். இதை நெக்ரோலோக் என்கிறார்கள். மரணச் செய்தியோடு இதன் வேலை முடிந்துவிடுவதில்லை. நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஓராண்டு, பிறகு ஐந்து, பத்து ஆண்டுகள் கழிந்தும்கூட அதே முகம் புதிய தாளில் வந்துகொண்டே இருக்கும். முஸ்லிம்களின் தாளுக்குக் கறுப்புக்குப் பதில் பச்சைக் கரை. கம்யூனிஸ்ட் ஆட்சியில் கட்சிக்காரர்களுக்குச் சிலுவையின் இடத்தில் ஐம்முனை நட்சத்திரம் வந்தது.

இந்த வழக்கத்துக்கு அடியில் கிறிஸ்தவ சமயத்தைப் பிளந்த பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது. இறந்தவருக்காக இருப்பவர் செய்யும் எதுவும் அவரைச் சென்றடையுமா? கடவுள் நீதியுள்ளவர் என்றால், ஒருவரின் கணக்கு அவர் மூச்சோடு முடிந்திருக்க வேண்டும். பிறர் வேண்டுதலால் அது மாறுமானால், உறவும் சுற்றமும் உள்ளவர் தப்பிப்பார், நாதியற்றவர் மாட்டிக்கொள்வார். அது என்ன நீதி?

கத்தோலிக்கத் திருச்சபை இதற்கு உத்தரிக்கிற ஸ்தலத்தைக் காட்டியது. சிறு பாவங்கள் அங்கே சுத்திகரிக்கப்படுகின்றன, மன்றாட்டு அந்த வேதனையைக் குறைக்கிறது என்றது. லூத்தரின் வழி வந்தவர்கள் அந்த இடத்தையே மறுத்தார்கள். பல்கேரியர்களில் பெரும்பாலோர் சார்ந்திருக்கும் ஆர்த்தடாக்ஸ் மரபு இரண்டுக்கும் உடன்படவில்லை. 1438-இல் ஃபெராராவில் தொடங்கி மறு ஆண்டு ஃபிளாரன்ஸில் தொடர்ந்த திருச்சபைப் பொதுச்சங்கத்தில், இம்மரபைச் சேர்ந்த எபேசு நகரப் பேராயர் மாற்கு சுத்திகரிக்கும் நெருப்பு என்ற கருத்தை ஏற்க மறுத்தார். ஆனால் மன்றாட்டின் பயனை அவர் மறுக்கவில்லை. மரணத்தின்போது கிடைப்பது இறுதித் தீர்ப்பு ஆகாது, உலக முடிவின் பொதுத்தீர்ப்பு வரை வாசல் முழுதாகச் சாத்தப்படவில்லை என்பதே இம்மரபின் நிலை. மன்றாட்டு எப்படிப் பயன்படுகிறது என்பதை அது விளக்குவதில்லை. விளக்கம் இல்லாமல் விட்டது குறையாகத் தோன்றலாம். நெருப்பின் அளவையும் காலத்தையும் கணக்கிடப் போனவர்கள் பாவமன்னிப்புச் சீட்டு விற்பதில் போய் நின்றார்கள் என்பதைப் பார்த்தால், அந்த மௌனம் விவேகமானதாகவே படுகிறது.

பண்டிதர்கள் விட்ட இடத்தை மக்கள் சமையலால் நிரப்பினார்கள். இறந்தோர் நினைவுக்குரிய முக்கிய உணவு ஜித்தோ. முழுக் கோதுமையை வேகவைத்து, நீரை வடித்து, துணியில் பரப்பி உலர்த்துவார்கள். அதில் சர்க்கரை, பொடித்த வால்நட், உலர் திராட்சை, பிஸ்கட் தூள் சேர்ப்பார்கள். மேலே மாவுச் சர்க்கரையைத் தூவிச் சமன்செய்து, சிலுவை வரைவார்கள். மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியே பலன் தரும் என்ற யோவான் நற்செய்தியின் உவமை இதற்குச் சொல்லப்படும் காரணம். ஸதுஷ்னித்ஸா என்னும் பொது நினைவு நாள்கள் ஆண்டில் மூன்று: பெருநோன்புக்கு முன்பு ஒன்று, பெந்தெகொஸ்தேக்கு முந்திய நாள் ஒன்று, நவம்பர் 8-இல் வரும் தேவதூதர் திருநாளுக்கு முன்பு ஒன்று. மூன்றும் சனிக்கிழமையில்தான் வரும், கிறிஸ்து கல்லறையில் கிடந்த நாள் அது. அன்று பெண்கள் கோதுமையும் ரொட்டியும் ஒயினும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போவார்கள். மெழுகுவர்த்தி ஏற்றி, மண்ணில் ஒயின் ஊற்றி, பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்களுக்குக் கோதுமையைப் பங்கிடுவார்கள். வாங்குகிறவர் நன்றி சொல்வதில்லை. ‘போக் த ப்ரஸ்தி’, கடவுள் மன்னிக்கட்டும் என்பார்.

நீதி பற்றிய கேள்விக்குப் பதில் இந்தப் பங்கீட்டில்தான் இருக்கிறது. இறந்தவரை முன்பின் அறியாத ஒருவர், ஒரு பிடி கோதுமைக்காக அவருக்கு மன்னிப்புக் கேட்டுவிடுகிறார். மன்றாட்டு குடும்பத்தின் சொத்தாக இல்லாமல் கைமாறிப் போகிறது. நாதியற்றவரின் கல்லறைக்குப் பக்கத்திலும் யாரோ ஒருவர் கோதுமையோடு நிற்பார். சாலையோரங்களில் இறந்தவர் பெயரால் கட்டிவிடும் நீரூற்றுகளும் இதே வேலையைச் செய்கின்றன. குடித்துவிட்டுப் போகிற வழிப்போக்கர் அந்தப் பெயரை ஒருமுறை வாசிக்கிறார்.

பயமும் இல்லாமல் இல்லை. ஆன்மா மேலே போகும் வழியில் சுங்கச்சாவடிகள் உண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பாவத்துக்குப் பேய்கள் கணக்குக் கேட்கும் என்பது பைசாந்திய நூல் ஒன்றிலிருந்து வந்த நம்பிக்கை. அதில் சாவடிகள் இருபது. திருச்சபை இதைக் கோட்பாடாக அறிவித்ததில்லை. ஆனாலும் ரீலா மடாலயத்துப் பெரிய தேவாலயத்தில் இது சுவரோவியமாகவே இருக்கிறது. 1840 வாக்கில் பாச்கோவோ மடாலயத்தில் இறுதித் தீர்ப்பை வரைந்த ஸஹாரி ஸோக்ராஃப், பிளாவ்டிவ் நகரச் செல்வந்தர்களை அவர்கள் காலத்து உடையோடேயே பாவிகள் பக்கம் சேர்த்துவிட்டார்.

1944-க்குப் பின் வந்த நாத்திக அரசு ஆன்மாவே இல்லை என்றது. ஆனால் 1949-இல் தலைவர் கியோர்கி திமித்ரோவ் இறந்தபோது, ஆறே நாளில் சோஃபியாவில் நினைவு மண்டபம் எழுப்பி அவர் உடலைப் பதப்படுத்தி வைத்தது. உடல் 1990-இல் அகற்றப்பட்டது, மண்டபம் 1999-இல் தகர்க்கப்பட்டது. மின்கம்பத்துத் தாள்கள் இன்றும் இருக்கின்றன. தேவாலயப் பக்கமே போகாதவர்களும் அவற்றை ஒட்டுகிறார்கள்.

பல்கேரிய வீட்டுக்கு விருந்தாகச் செல்பவர் பூங்கொத்தில் ஒற்றைப்படையாக மலர்கள் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இரட்டைப்படை இறந்தவருக்கு உரியது. தேவாலய வாசலிலோ கல்லறையிலோ யாராவது கோதுமை நீட்டினால் மறுக்காமல் வாங்கி, அந்த மூன்று சொற்களைச் சொல்லிவிட்டு அங்கேயே உண்பது முறை.