சமவெளிக்காரர் ஏறிய மலை

இராமநாதபுரக் கடற்கரையில் வாழ்கிற நமக்கு மலை என்பது கேள்விப்பட்டு அறிந்த பொருள். இராமேசுவரம் தீவின் உயரமான இடத்தைக் கந்தமாதன பர்வதம் என்று பக்தியோடு சொல்கிறோம். ஆனால் இராமர் பாதம் இருக்கும் அந்த மண்டபத்தின் அடிவரை பள்ளிப் பிள்ளைகூடச் சைக்கிளை விட்டு இறங்காமல் போய்விடும். நம் ஊரில் மேடு நிலத்தில் இல்லை, காற்றில் இருக்கிறது. அரிச்சல்முனைக்கு 2017-இல் திறந்த சாலையில் இருபுறமும் கடல், நடுவே நூல் பிடித்தாற்போல் தார். ஆடி மாதத்தில் முனையிலிருந்து திரும்பும்போது கச்சான் காற்று எதிரே வந்து நிற்கும். மணல் முழங்காலில் சுருக்கென்று குத்தும். மிதிக்க மிதிக்க வண்டி அடம்பிடிக்கும். மிதிப்பதை விட்டால் நின்றே போகும். அவ்வளவு உழைப்பும் எங்கே போனது என்று கேட்டால் பதில் கிடையாது. காற்றோடு போராடியது காற்றோடு போயிற்று.

மலையேற்றத்தின் கணக்கு வேறு. மதுரையில் விமானம் ஏறிக் கொழும்பில் இறங்கி, கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் சைக்கிளில் ஏறுகிறவர்கள் இப்போது நம்மவரிலும் உண்டு. கண்டி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 500 மீட்டர். நுவரெலியா 1,868 மீட்டர். கம்பளை தாண்டி, புசல்லாவை தாண்டி, றம்பொடையின் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஊர்கிறபோது, மூச்சும் மிதியும் ஒரே தாளத்துக்கு வந்து, நேற்றைய கவலையும் நாளைய திட்டமும் உதிர்ந்து, அடுத்த பத்தடி மட்டுமே உலகமாக மிஞ்சுகிறது. அங்கே செலவழிகிற ஒரு மிதியும் வீண்போவதில்லை. சிறுவாட்டுப் பணம்போல அது உயரமாகச் சேர்ந்துகொண்டே இருக்கிறது. இறங்கும்போது வேகமாகவும் குளிர்ந்த காற்றாகவும் நமக்கே திரும்பி வருகிறது. மலையேற்றம் மனிதனுக்கு நிறைவைத் தருவதற்குக் காரணம் இதுதான் என்று தோன்றுகிறது: பட்ட பாடும் அடைந்த பலனும் ஒரே உடலில் சேர்கின்றன.

அப்படிச் சேராத ஏற்றமும் ஒன்று உண்டு. அந்த மலைகளில் முதலில் ஏறிய நம்மவர் பயணம் போனவர்கள் அல்லர். 1820-களிலும் 30-களிலும் கண்டிச் சீமையில் காப்பித் தோட்டங்கள் தொடங்கியதிலிருந்து, பஞ்சமும் கடனும் துரத்த, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள் ஆள் திரட்டிய கங்காணியின் பின்னால் நம் கரைக்கு வந்து தோணி ஏறின. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர் பலர். தோட்டத்தைக் கண்ணால் காணும் முன்பே வழிச்செலவு அவர்கள் பேரில் கடனாக ஏறியிருந்தது. காப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. 1867-இல் கண்டிக்கும் 1885-இல் நானுஓயாவுக்கும் ரயில் வந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடியது. போகும் வழி எளிதாயிற்று. கடன் மட்டும் அப்படியே இருந்தது.

றம்பொடைச் சாலையில் ஏறுகிறவர் ஒன்றைக் கவனிக்கலாம். சாலை வளைந்து வளைந்து ஏறும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை செங்குத்தாக ஏறும். கொழுந்து நிறைந்த சாக்கைத் தலையில் வைத்து, ஒரு கையால் பிடித்தபடி, ஈரக் கல்லில் பெருவிரலை ஊன்றி ஒரு பெண் அதில் ஏறிப் போவாள். வளைவுகள் உடம்பின் மீது இரக்கம் கொண்டு போட்டவை அல்ல. சரக்கு சேதமில்லாமல் துறைமுகம் சேர வேண்டும் என்பதற்காகச் சரிவைக் குறைத்தார்கள். சுமக்கிறவளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவளும் அவள் பாட்டியும் ஏறிய ஏற்றமெல்லாம் எங்கோ சேர்ந்துதான் இருக்கிறது. இறக்கத்தின் சுகத்தை அனுபவித்தது மட்டும் வேறு யாரோ. கொழுந்து கொழும்புக்கு இறங்கியது, பணம் கடல் தாண்டியது, ஏறியவர்கள் தோட்டத்து லயத்தின் ஒற்றை அறையிலேயே இருந்தார்கள்.

கடைசியில் அவர்களுக்கும் ஓர் இறக்கம் வந்தது. இலங்கையின் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்ததால், திரும்பியவர்களின் கப்பல் இராமேசுவரத்துக்கே வந்தது. தாத்தா எந்தக் கரையிலிருந்து போனாரோ அதே கரையில் தகரப் பெட்டியோடு பேரன் இறங்கினான். 'தாயகம் திரும்பியோர்' என்று அரசு பெயர் வைத்தது. பிறந்த ஊர் ஹட்டனாகவோ பதுளையாகவோ இருந்தவனுக்கு எது தாயகம் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களில் பலரை மீண்டும் மலைக்கே, நீலகிரியின் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் அனுப்பி, மறுபடி கொழுந்து பறிக்க வைத்தோம். அந்த வரலாற்றில் நம் பங்கையும் மறைப்பதற்கில்லை.

ஆகவே ஏறுவது பெரிதா, இறங்குவது பெரிதா என்று பிரித்துப் பார்ப்பதில் பொருளில்லை. இங்கே ஏறலாம், இங்கே நிற்கலாம், வேண்டாமென்றால் திரும்பலாம் என்று தானே முடிவு செய்கிற உரிமை ஒருவனுக்கு இருக்கும்போது அவன் வியர்வை அனுபவமாகிறது, அனுபவம் அறிவாகிறது, அறிவு அவனை விரிவாக்குகிறது. அந்த உரிமை இல்லாதவனிடம், அதே சரிவும் அதே வியர்வையும் தலைமுறை தாண்டியும் தீராத வட்டியாகவே வளர்கின்றன. நாம் சுகமாகக் களைத்துப் போவதற்குக்கூட, களைப்பைத் தேர்ந்தெடுக்க முடியாத எத்தனையோ பேர் முன்னால் நடந்து தடம் போட்டிருக்கிறார்கள்.

2023-இல், மலையகத் தமிழர் அங்கே வந்த இருநூறாம் ஆண்டை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அம்மக்கள் தாமே நடந்தார்கள். ஒரு காலத்தில் தம்மீது விதிக்கப்பட்டதை விரும்பி எடுத்துக்கொண்ட நடை அது. நம் கடற்கரையிலிருந்து அந்த மலைக்குச் சைக்கிளோடு போக நினைக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். கண்டியில் தொடங்க வேண்டாம், தலைமன்னாரில் தொடங்குங்கள். மன்னார், மதவாச்சி, தம்புள்ளை என்று வழியில் பெரும்பகுதி நம் ஊரைப்போலவே சமநிலம்தான். கச்சானும் அங்கே உண்டு. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் ஒரு நாள் தங்கி, அதற்குப் பிறகு மலையை ஏறுங்கள்.