கோணத்து வரிசை

நாகர்கோவில் கோணத்தில் அரசு பாலிடெக்னிக்கும் தொழிற்பயிற்சி நிலையமும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகமும் இருக்கின்றன. தொழில் கற்க வருகிறவர்களும், கற்று முடித்துப் பல வருஷமாகக் காத்திருப்பவர்களும் ஒரே பேருந்தில் வந்து இறங்குகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழகத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் இது. அந்தப் படிப்புக்கேற்ற வேலை மாவட்டத்துக்குள் இல்லை. இங்கே மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்குப் பயிற்சி, ஒதுக்கீடு என்று பேச்செடுத்தால் ஒரு கேள்வி வந்து நிற்கும்: “கையும் காலும் நல்லா இருக்கவனுக்கே வேல இல்ல, பொறவு இவனுக்கு எங்க இருந்து?”

இதைக் கல்நெஞ்சம் என்று தள்ளிவிட முடியாது. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 1995-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது 3 விழுக்காடு. 2016 சட்டம் அதை 4 ஆக்கியது. அந்த ஒரு விழுக்காட்டால் பட்டியலில் கீழே இறங்கியவன் வீட்டிலும் நகை அடகில்தான் இருக்கும். பொதுநீதியின் பெயரில் ஒருவனிடமிருந்து எடுக்கும்போது அவனுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

காரணம் இந்த மாவட்டத்துப் பிழைப்பிலேயே இருக்கிறது. உடல் வலுவுள்ளவனுக்கு வளைகுடா இருக்கிறது. சின்னமுட்டத்திலோ தேங்காப்பட்டணத்திலோ படகில் ஏறலாம், குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகலாம், திருவனந்தபுரத்தில் கட்டட வேலை பார்க்கலாம். எதுவும் சொகுசு இல்லை; பலவற்றில் உயிருக்கே உத்தரவாதம் இல்லை. ஆனாலும் போக ஓர் இடம் உண்டு. எல்லாவற்றுக்கும் முதல் தகுதி உடம்பு. வளைகுடா விசாவுக்கு மெடிக்கலில் தேற வேண்டும். ‘அன்ஃபிட்’ என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. ஆக, கோணத்து வரிசையில் இருவரும் அடுத்தடுத்து நின்றாலும், ஒருவனுக்கு அது பல வழிகளில் ஒன்று, மற்றவனுக்கு ஏறக்குறைய ஒரே வழி. ஒரு விழுக்காட்டின் எடை இருவருக்கும் ஒன்றல்ல.

சரி, பயிற்சி கொடுப்பது என்றே வைத்துக்கொள்வோம். என்ன பயிற்சி? நடக்க முடியாத பெண்ணுக்குத் தையல், பார்வையில்லாதவருக்கு நாற்காலி பின்னல், மற்றவர்களுக்கு மெழுகுவத்தியும் பினாயிலும். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், சேர்த்தாலும் “இருந்த இடத்துல இருந்து செய்யலாமே” என்பதே சிபாரிசு. கொட்டையின் எண்ணெய் விரல் தோலைப் பொசுக்குவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவளுக்கு எதில் விருப்பம் என்று கேட்பதற்குள் அவள் கால் பதில் சொல்லி முடித்துவிடுகிறது. பிறப்பைப் பார்த்துத் தொழிலைத் தீர்மானித்த பழைய திருவிதாங்கூர் வழக்கத்துக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. பரிவோடு செய்வதால் மட்டும் அது நியாயமாகிவிடாது.

அப்படியென்றால் எல்லோரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்துவிடலாமா? 2016 சட்டத்தின் 19-ஆம் பிரிவு, பொதுவான எல்லாத் தொழிற்பயிற்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்கச் சொல்கிறது. போதிய உதவியும் வசதியும் தரச் சொல்கிறது. முதல் பாதி எளிது, சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் எழுதினால் போதும். இரண்டாம் பாதியில்தான் சங்கதி இருக்கிறது. ஃபிட்டர் பட்டறையில் இரும்புத் துண்டை அரம் போட்டு ராவி, வெர்னியர் காலிப்பரில் 0.02 மில்லிமீட்டர் வரை பார்த்துச் சரிசெய்யக் காது தேவையில்லை. ஆனால் பயிற்றுநர் பேசிக்கொண்டே பலகைப் பக்கம் திரும்புகிறார். உதட்டசைவைப் பார்த்துப் பாடம் பிடித்துக்கொண்டிருந்த பையனுக்கு வகுப்பு அந்த நொடியில் நின்றுபோகிறது. சைகைமொழி பெயர்ப்பாளர் இல்லாத அந்தச் சமத்துவத்தைவிட, அவன் மொழி தெரிந்த தனி வகுப்பு மேல். அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களுக்குத் தனிப் பயிற்சியை அதே பிரிவு ஏற்கிறது. கூடவே, அந்தப் பயிற்சிக்குச் சந்தையோடு உயிருள்ள தொடர்பு இருக்க வேண்டும் என்கிறது. தனியாக நடத்துகிறவர்கள் வசதியாக மறப்பது இதைத்தான்.

மறக்காத இடங்கள் உண்டு. காட்பாடியில், தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்காகச் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கம் தொடங்கிய பட்டறை இன்று வொர்த் டிரஸ்ட். ஆலைகளுக்கு உதிரிபாகங்களும், பிரெயில் தட்டச்சு இயந்திரங்களும் அங்கே தயாராகின்றன. அளவு பிசகினால் வாங்குகிறவர் திருப்பி அனுப்புவார். அந்தக் கண்டிப்பில் இருக்கும் மரியாதை, ஆண்டுக்கொருமுறை இரக்கப்பட்டு மெழுகுவத்தி வாங்குவதில் இல்லை. இன்னும் பக்கத்தில், தென்காசியை அடுத்த ஆய்க்குடி. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பல ஆயிரம் பேருக்குச் சிகிச்சையும் கல்வியும் தொழிலும் தரும் ஒரு நிறுவனத்தைக் கட்டியெழுப்பும் திறமையை எந்த மெடிக்கலும் அளந்திருக்க முடியாது.

பயிற்சியைவிடப் பெரிய சிக்கல் அதற்குப் பிறகுதான். வேலைவாய்ப்பு முகாமில் மேடையேறிப் பணி ஆணை வாங்குவதோடு கணக்கு முடிகிறது. ஸ்ரீபெரும்புதூர் ஆலை விடுதி, சுழற்சி முறை இரவு வேலை, எட்டு மணி நேரம் நின்றே செய்யும் வேலை, கோல் ஊன்றி நடக்கிறவருக்குப் பயன்படாத கழிப்பறை, எதற்கும் எரிந்து விழும் சூப்பர்வைசர்: இவற்றையெல்லாம் சமாளிக்கும் பொறுப்பு இளைஞனிடம் மட்டும் விடப்படுகிறது. மூன்றாம் மாதம் ஊர் திரும்பினால் “அவனுக்கு வேலையில இருக்கப் பொறுமையில்ல” என்று முடித்துவிடுகிறார்கள். மாற்றுத்திறனாளியாக இருந்தால் “அப்பவே சொன்னோம்” என்பதும் சேர்ந்துகொள்ளும்.

பயிற்சிக்கான செலவில் ஒரு பங்கை, வேலையில் சேர்ந்த பிறகான ஓராண்டுக்கு ஒதுக்கலாம். சேர்ந்தவரை மாதம் ஒருமுறை கூப்பிட்டு விசாரிக்கவும், தேவைப்பட்டால் சூப்பர்வைசரிடம் பேசவும், ஒரு மேசையின் உயரத்தையோ ஒரு ஷிப்டையோ மாற்றிக் கேட்கவும் ஒரு ஆள் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் என்று இதைச் சுருக்கவும் தேவையில்லை. இடம் பறிபோனதாகக் குமுறுகிறவனும் அதே மூன்றாம் மாதம் அதே ஆலையிலிருந்து திரும்பி வருகிறவன்தான். அவனைக் கூப்பிட்டு விசாரிக்கவும் இன்று ஆள் இல்லை.