கொட்டிவிடும் தண்ணீர்

சிங்கப்பூரின் காத்தோங் என்றதும் எல்லாருக்கும் லக்சா நினைவுக்கு வரும். ஈஸ்ட் கோஸ்ட் சாலைக் கடைகளில் நூடல்ஸை நறுக்கிப் போட்டுத் தருகிறார்கள். குச்சி வேண்டாம், கரண்டி போதும். நானும் விரும்பிச் சாப்பிடுவேன். ஆனால் இந்த வட்டாரத்துச் சமையலை எண்ணும்போது என் மனம் போய் நிற்பது ஒரு கறுத்த கொட்டையில். புவா கெலுவாக்.

பச்சையாக இருக்கும்போது அந்த விதையில் சயனைடு நஞ்சு உண்டு. இந்தோனேசியத் தீவுகளில் அதை அவித்து, சாம்பலும் மண்ணும் மூடி, ஏறக்குறைய 40 நாள் புதைத்து வைக்கிறார்கள். வெளிறிய பருப்பு அதற்குள் கறுத்துவிடும். அதன்பிறகே அது கடல் கடந்து காத்தோங் அடுக்களைக்கு வரும். வந்தபின்னும் வேலை தீராது. ஓட்டைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். சில நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். பிறகு ஓட்டின் வாய்ப்பக்கத்தை உடைத்து, பருப்பைத் தோண்டி, இடித்து, சில வீடுகளில் இறால், இறைச்சிக் கொத்தும் கலந்து, மறுபடி ஓட்டுக்குள்ளேயே அடைக்க வேண்டும். புளிக்குழம்பில் கோழியோடு அது கொதிக்கும்போது வரும் வாசனையை எப்படிச் சொல்வது? மழை விட்டபின் எழும் மண்வாசம், அதில் கொஞ்சம் கசப்பு.

சாப்பிடுகிறவர் சிறு கரண்டியை ஓட்டுக்குள் விட்டு அந்தக் கறுப்பு விழுதைச் சுரண்டி எடுக்கிறார். அவர் எந்த ஆய்வுக்கூடத்தையும் கேட்பதில்லை. ஆக்கித் தந்தவரை நம்புகிறார். ஆக்கியவர் தன் அம்மாவை நம்பினார். அவர் தன் மாமியாரை. சீனத்திலிருந்து வந்த வணிகர்கள் இந்தத் தீவுகளின் பெண்களை மணந்து உண்டான குடும்பங்கள் பெரனாக்கான்கள். எந்தக் கொட்டை கொல்லும், அதை எப்படிச் சோறாக்குவது என்பது இங்கேயே பிறந்து வளர்ந்த அந்தப் பெண்கள் கொண்டுவந்த சீதனமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நோன்யாக்கள், அதாவது பெரனாக்கான் பெண்கள், கைப்பக்குவத்தை வெளியாருக்கு எளிதில் சொல்லமாட்டார்கள் என்பார்கள். ஆனால் சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூவின் தாயார், அவரும் ஒரு நோன்யா, தம் சமையலை 1974இல் புத்தகமாக வெளியிட்டார். பின்னாளில் அவருடைய பேத்தி அதைத் திருத்தி மறுபடி கொண்டுவந்தார். எவ்வளவு பெரிய மனசு வேண்டும் அதற்கு! வீட்டுக்குள்ளேயே காத்து வந்ததை ஊருக்குப் பொதுவாக்கிவிடுவது.

*

இதே வட்டாரத்துச் சிலோன் சாலைக்குப் போனால் செண்பக விநாயகர் கோயில். 1850களில் ஒரு செண்பக மரத்தடியில் கிடைத்த பிள்ளையார் சிலையிலிருந்து வளர்ந்த கோயில் என்று சொல்வார்கள். அதைப் பராமரிப்பது சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களாகவும் மருத்துவப் பணியாளர்களாகவும் வந்தவர்களின் வழிவந்தோர் பலர் இன்றும் இங்கேதான் கும்பிடுகிறார்கள்.

அவர்களுக்கும் புவா கெலுவாக் போல் ஒரு பண்டம் உண்டு. பனங்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல்; அதை அப்படியே கடித்துத் தின்னலாம். ஒடியல் மா அப்படியல்ல. தண்ணீரில் ஊறவிட்டு, மேல்தண்ணீரை வடித்துக் கொட்டினால்தான் கைப்பு இறங்கும். அந்த மாவில் நரம்பைத் தாக்கக்கூடிய பொருள் இருக்கிறது என்று பிற்காலத்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். கூழ் காய்ச்சிய கிழவிகள் ஆய்வு வரும்வரை காத்திருக்கவில்லை. தண்ணீரை முன்பே கொட்டிவிட்டார்கள்.

மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் சேர்ந்த ஒடியற்கூழைக் காய்ச்சும் பெரியம்மா ஒருவரிடம் கேட்டேன்.

"மாவை எவ்வளவு நேரம் ஊறவிட வேணும், பெரியம்மா?"

"கைப்புப் போகுமட்டும்."

"போயிட்டுது எண்டு எப்பிடித் தெரியும்?"

"நாக்கில வைச்சுப் பார், பிள்ளை."

அவர் எனக்குத் தந்த முழுக் குறிப்பும் இவ்வளவுதான். இதைப் புத்தகத்தில் அச்சடித்தால் யாருக்கும் உதவாது. அவர் பக்கத்தில் நின்று, அவர் தொட்டு வைக்கும் அதே மாவை நம் நாக்கிலும் வைத்துப் பார்த்தால்தான் உதவும். மரவள்ளிக் கறிக்கு இஞ்சி போடக் கூடாது என்றும் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. அவருடைய அம்மா போடமாட்டாராம். 1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் ஆண்ட காலத்தில், அரிசி அருகிப்போய் மரவள்ளியைத் தின்று உயிர் பிழைத்த ஊர் இது. அந்த நாட்களைக் கடந்து வந்த ஒருத்தியின் விதியை நான் மீறப்போவதில்லை.

இப்போது அடுக்குமாடி வீடுகளில் இருவரும் வேலைக்குப் போகிறார்கள். தினமும் நினைவாகத் தண்ணீர் மாற்ற யாருக்கு நேரம்? கெலுவாக் விழுதாகவே கிடைக்கிறது என்றால் வாங்கட்டும். அதில் எனக்கு வருத்தமில்லை. கசப்பை நாக்கில் வைத்து அறியும் பழக்கம் ஒரு தலைமுறை நின்றுபோனால், பிறகு எழுதி வைத்ததை மட்டுமே நம்ப வேண்டிவரும். அது எனக்குக் கவலை தருகிறது.

*

அதே சிலோன் சாலையில், ஐரோப்பிய, ஆசியக் கலப்பில் வந்த யுரேஷியரின் சமூக இல்லமும் இருக்கிறது. போர்த்துக்கீசர் 1511இல் மலாக்காவைப் பிடித்தார்கள். 1619இல் யாழ்ப்பாண அரசை. மலாக்கா வழிவந்த யுரேஷியர் வீட்டுச் சுகி கேக்கிலும், இலங்கையர் வீட்டு லவ் கேக்கிலும் ரவை இருப்பதைப் பார்க்கும்போது அந்த இரண்டு ஆண்டுகளும் எனக்கு நினைவுக்கு வரும். இங்கே சுகி கேக் கிறிஸ்துமஸுக்கும் உண்டு, தீபாவளிக்கும் உண்டு. பாதாம், முட்டை மஞ்சட்கரு, நிறைய வெண்ணெய். பிராந்தி ஊற்றுவதா, பன்னீர் தெளிப்பதா என்பது வீட்டுக்கு வீடு மாறும். ரவை மட்டும் முதல்நாள் இரவே வெண்ணெயில் ஊற வேண்டும் என்பதில், நான் கேட்ட எந்த வீட்டிலும் மறுபேச்சில்லை.