தூக்காத கை

எடை தூக்கத் தொடங்கிய முதல் சில வாரங்களில் இஞ்சு டேப்பில் எந்த மாற்றமும் தெரியாது. மேற்கையின் சுற்றளவு அதேதான். சட்டைக் கை அதே தொளதொளப்போடு தொங்கும். ஆனால் போன வாரம் பாதி வழியில் நின்றுபோன டம்பெல் இந்த வாரம் மேலே வந்துவிடுகிறது. சதை கூடவில்லை, பலம் கூடியிருக்கிறது. எங்கிருந்து?

ஜிம்மில் பையன்கள் கண்ணாடியைப் பார்த்து மனம் விட்டுப்போவது இந்த வாரங்களில்தான். பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். உள்ளே வேலை மும்முரமாக நடக்கும் காலம் இது என்று கண்ணாடி எப்படிச் சொல்லும்?

1979-இல் மொரிடானி, டிவ்ரீஸ் என்ற இருவர் இதை அளந்து காட்டினார்கள். எட்டு வாரப் பயிற்சி. தோலின்மேல் மின்முனைகளை ஒட்டித் தசையின் மின்துடிப்பைப் பதிவு செய்தார்கள், கையின் பருமனையும் அளந்தார்கள். தொடக்கத்தில் கூடிய பலத்தில் பெரும்பங்கு நரம்பின் கணக்கில் விழுந்தது. மூன்று, நான்கு வாரங்கள் கழிந்த பிறகுதான் சதையின் பங்கு மெல்ல முந்தியது.

*

தொட்டுப் பார்த்தால் தசை ஒரே உருண்டையாகத்தான் இருக்கிறது. உள்ளே அது பல சிறு குழுக்கள். தண்டுவடத்தில் ஒரு நரம்பணு, அதிலிருந்து நீளும் இழை, அந்த இழையின் கிளைகள் போய்த் தொடுகிற தசை இழைகள். இந்த மொத்தத்துக்கும் இயக்க அலகு என்று பெயர். 1920-களில் சார்ல்ஸ் ஷெரிங்டன் வகுத்துக் கொடுத்த பார்வை இது. கண்ணைத் திருப்பும் தசையில் ஒரு நரம்பணுவின் கீழ் பத்துப் பதினைந்து இழைகள் இருக்கலாம். கெண்டைக்கால் தசையில் ஆயிரத்துக்கும் மேல். நரம்பணு துடித்தால் அதன் கீழுள்ளவை எல்லாம் சுருங்கும். பாதி மட்டும் சுருங்குவது கிடையாது.

1929-இல் எட்கர் ஏட்ரியனும் டெட்லெவ் பிராங்க்கும் மெல்லிய ஊசி மின்முனையை மனிதத் தசைக்குள் செலுத்தி, கிடைத்த துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்டார்கள். தசையை லேசாக இறுக்கினால் விட்டு விட்டு ஒரு டக், டக். இறுக்கம் கூடக் கூட டக்குகள் நெருங்கும். அதன் மேல் புதிய டக்குகள் வந்து சேரும். கடைசியில் ஒரே இரைச்சல். பலத்தைக் கூட்ட உடம்புக்குள்ள இரண்டு வழிகளும் அதில் கேட்டுவிட்டன: இன்னும் பல அலகுகளை அழைப்பது, அழைத்தவற்றை இன்னும் வேகமாகத் துடிக்க வைப்பது. அந்த அறையில் ஒரு மூலையில் நின்று கேட்டிருக்கலாம் என்று எனக்கு ஆசை உண்டு.

அழைப்பில் வரிசை இருக்கிறது. சிறிய நரம்பணுக்கள் முதலில், பெரியவை கடைசியில். எல்வுட் ஹென்மன் 1957-லும் பிறகு 1965-லும் நிறுவியது. தேர் நேர்வீதியில் உருளும்போது வடம் பிடித்தவர்களில் சிலர் இழுத்தாலே போதும், மற்றவர்கள் கை வைத்தபடி கூடவே நடப்பார்கள். சக்கரம் பதிந்து நின்றுவிட்டால்தான் ஊர் மொத்தமும் மூச்சைப் பிடித்து இழுக்கும். பெரிய அலகுகள் அப்படித்தான். பேனா பிடிக்க, கதவு திறக்க, செல்போன் ஏந்த அவை வேண்டியதில்லை. கிணறும் குடமும் நெல்மூட்டையும் போய்விட்ட வீடுகளில் அவற்றுக்கு அழைப்பு வருவதே அரிது.

*

ஜிம்முக்குப் புதிதாக வருபவரின் முகத்தைக் கவனித்திருக்கிறேன். தாடை இறுகும், கழுத்து புடைக்கும், ஷூவுக்குள் கால்விரல் சுருளுவதுகூடத் தெரியும். தூக்குவதோ முழங்கை. அந்த முழங்கையிலும் இன்னொரு சண்டை நடக்கிறது. மடக்கும் தசை வேலை செய்யும்போது நீட்டும் தசையும் கொஞ்சம் இறுகி எதிர்க்கிறது. மூட்டைக் காப்பதற்கான முன்னெச்சரிக்கை அது. பழக்கமில்லாதவரிடம் அது அதிகம். அவர் எடையோடு மட்டுமல்ல, தன் கையோடும் மல்லுக்கட்டுகிறார். சில வாரங்களில் அந்த எதிர்ப்பு தளர்கிறது. கூடிய பலத்தில் ஒரு பங்கு, இப்படி வீணாகாமல் மிஞ்சியது.

இன்னொரு பங்கு தண்டுவடத்தில். அலெஸ்ஸாண்ட்ரோ டெல் வெக்கியோவும் உடன் பணியாற்றியவர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்தமானது. பாதத்தை மேல்நோக்கி மடக்கும் தசை, நான்கு வாரப் பயிற்சி. முன்பு கண்ட அதே அலகுகளைப் பயிற்சிக்குப் பின்பும் அடையாளம் கண்டு தொடர்ந்தார்கள். அவை இப்போது முன்னைவிடக் குறைந்த விசையிலேயே விழித்தன, விழித்த பிறகு வேகமாகத் துடித்தன. அதே நரம்பணு, அதே இழை. பழக்கம்தான் வேறு.

*

தென் மாவட்டங்களில் சில ஊர்களில் பொங்கலுக்கு இன்னும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள். வழவழப்பான உருண்டைக் கல், பிடிக்க ஒரு விளிம்பு கிடையாது. குனிந்து அணைத்து, முழங்காலுக்கு, தொடைக்கு, நெஞ்சுக்கு, பிறகு தோளுக்கு ஏற்றிப் பின்பக்கம் போட வேண்டும். கல் நெஞ்சில் தங்கித் தடுமாறும் அந்த நொடியில் சுற்றி நிற்கும் கூட்டம் போடும் சத்தம் இருக்கிறதே, அது வெறும் வேடிக்கையா?

இல்லை என்கிறது 1961-இல் மிச்சியோ இக்காயும் ஆர்தர் ஸ்டைன்ஹவுஸும் செய்த சோதனை. முழங்கையை மடக்கி முழுப் பலத்தோடு இழுக்கச் சொன்னார்கள். திரும்பத் திரும்ப, நிமிடத்துக்கு ஒரு முறை. இடையிடையே, சொல்லாமல் கொள்ளாமல், பின்னாலிருந்து ஒரு துப்பாக்கி வேட்டு. வேட்டுச் சத்தத்தை அடுத்து வந்த இழுப்பில் பலம் கூடியது. இழுப்பவரே கத்தினாலும் கூடியது. மனோவசியத்தில் இன்னும் கூடியது. ‘முழுப் பலம்’ என்று அவர்கள் மனமறியக் கொடுத்தது முழுதாக இல்லை.

இதற்கு எதிர்ச்சாட்சி ஏழு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. 1954-இல் லண்டனில் மெர்ட்டன், கட்டைவிரல் தசையை முழுமூச்சாக இறுக்கும்போது நரம்புக்கு வெளியிலிருந்து மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. மனம் ஏற்கெனவே எல்லாவற்றையும் அழைத்துவிட்டிருந்தது. ஆபத்தில் காரையே தூக்கிய தாய்மார்களின் கதையை விரும்புகிறவர்களுக்கு மெர்ட்டனைப் பிடிக்காது. பின்னாளில் நுட்பமாக அளந்தபோது, ஆரோக்கியமானவர்கள் பல தசைகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தாங்களே எடுத்துவிடுகிறார்கள் என்று தெரிந்தது. இரு தரப்பையும் நான் நம்புகிறேன். பூட்டி வைத்த புதையல் எதுவும் இல்லை, ஆனால் சில்லறை பாக்கி இருக்கிறது. இளவட்டக்கல் தோளேறுவதும் நழுவுவதும் பெரும்பாலும் அந்தச் சில்லறையில்தான்.

*

முதியவர்களிடம் பாக்கி சில்லறை அல்ல.

பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லம். 1990-இல் மரியா ஃபியாட்டரோனும் குழுவினரும் வெளியிட்டது. 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேர், வாரம் மூன்று நாள், எட்டு வாரம். முழங்காலை நீட்டி எடையைத் தள்ள வேண்டும். இந்த வயதினரை நடக்க வைத்தாலே போதும் என்று பலர் நினைத்த காலத்தில் இவர்கள் கொடுத்தது நிஜமான கனம். முடித்தவர்களின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொடையின் நடுப்பகுதியில் தசையின் பரப்பு 9 சதவீதம்.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஒன்று பத்து மடங்குக்கும் மேல் இன்னொன்றை விட்டு முன்னால் ஓடுகிறது. அவ்வளவு பலத்தையும் 9 சதவீதச் சதை தந்திருக்க முடியாது. தொண்ணூறு வயதுக் கால்களில் சதை வற்றிப்போயிருந்தது உண்மை. ஆனால் இருந்த சதையையும் யாரும் கூப்பிடாமல் விட்டிருந்தார்கள். நாற்காலி, கட்டில், கைப்பிடி, ‘நீங்க இருங்க, நான் எடுத்துத் தரேன்’ என்கிற அன்பு. எங்கள் வீடுகளிலும் இந்த அன்புக்குக் குறைவில்லை.

எட்டு வார முடிவில் இருவர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில், பெற்ற பலத்தில் கணிசமான பங்கு போய்விட்டது. இதையும் சேர்த்தே எழுதி வைத்தார்கள்.

*

சதையும் பிறகு வருகிறது. தசை இழைகளின் எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை, இருப்பவை தடிக்கின்றன. இழையின் ஓரத்தில் ஒட்டி உறங்கும் துணை அணுக்களை 1961-இல் அலெக்சாண்டர் மாரோ தவளைத் தசையில் கண்டார். இழை காயப்படும்போதும் கனம் தாங்கும்போதும் அவை விழித்துப் பெருகி, தங்கள் உட்கருக்களை இழைக்குக் கொடுக்கின்றன. தசைநாண் இன்னும் மெதுவாக மாறும். சதை வளர்ந்த வேகத்தை நம்பி எடை ஏற்றுகிறவர்கள் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் இந்தக் கணக்கு தெரியாமல்.

வலியைப் பற்றியும் ஒன்று. வெள்ளியங்கிரி ஏறிவிட்டு வந்தவர்களைக் கேளுங்கள். மூச்சு வாங்கியது ஏறும்போது. மறுநாள் தொடை பிடித்துக்கொண்டது இறங்கியதால். நீண்டுகொண்டே கனம் தாங்கும்போதுதான் தசை இழை அதிகம் சிதைகிறது. அந்த வலி வேலை செய்யும்போது வருவதல்ல, இழைகளுக்குள் நேர்ந்த சிதைவால் பிறகு வருவது என்று 1902-இலேயே தியோடர் ஹஃப் எழுதினார். லாக்டிக் அமிலத்தின் மேல் பழி போடுவது இன்னும் நின்றபாடில்லை. சில வாரம் கழித்து அதே மலையில் இறங்கினால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும். ஒரு தடவை பட்டதே போதும்.

*

அயோவாவில் 1992. குவாங் யூ, கெல்லி கோல் என்ற இருவர் செய்த சோதனை. சிலர் சுண்டுவிரலைப் பக்கவாட்டில் தள்ளிப் பயிற்சி செய்தார்கள். சிலர் தள்ளுவதாக மனத்தில் நினைத்தார்கள், அவ்வளவுதான். நான்கு வாரத்தில் முதல் குழுவுக்கு 30 சதவீதம், நினைத்தவர்களுக்கு 22. ஜிம்முக்குப் போகாமல் படுத்தபடி நினைத்தால் போதுமா என்று ஒரு நண்பர் கேட்டார். சுண்டுவிரலுக்குப் போதும் என்றேன்.

*

யேல் பல்கலைக்கழகத்து உளவியல் ஆய்வகத்தில் 1894-இல் எட்வர்ட் ஸ்கிரிப்சர் கண்டது இதைவிட விசித்திரம். ஒரு பெண் ரப்பர் குமிழ் ஒன்றைக் கையால் அழுத்த, பாதரசம் குழாயில் ஏறும். நாள்தோறும் ஒரே கையால் பயிற்சி. முடிவில் மற்றக் கையை அளந்தார்கள். எதையும் செய்யாத அந்தக் கையும் பலம் பெற்றிருந்தது.

பிறகு எத்தனையோ பேர் திருப்பிச் செய்துபார்த்தார்கள். லாபம் சிறியதுதான், ஆனால் விடாமல் வருகிறது. சும்மா இருந்த கையின் சதை தடிப்பதில்லை. மாற்றம் மேலேதான், மூளையிலும் தண்டுவடத்திலும். 2020-இல் நியூகாசிலில் இசபெல் குளோவரும் ஸ்டூவர்ட் பேக்கரும் குரங்குகளை எடை இழுக்கப் பழக்கிப் பார்த்தபோது, மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் மிகப் பழைய பாதையொன்று வலுப்பெற்றதற்கு அடையாளம் கிடைத்தது. அந்தப் பாதை இரண்டு பக்கத்துக்கும் கிளை விடுவது. திடீர்ச் சத்தத்துக்கு நாம் திடுக்கிடுவதும் அதன் வழியாகத்தான். இக்காயின் துப்பாக்கியும் ஸ்கிரிப்சரின் சும்மா இருந்த கையும் ஒரே பாதையில் சந்திக்கின்றனவோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தபோது பிசியோதெரபிஸ்ட் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, “இடது கையால நல்லா அழுத்துங்கம்மா” என்றாள். அம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். “இந்தக் கை நல்லாத்தானம்மா இருக்கு. உடைஞ்சது அந்தக் கை.”

“அதுக்காகத்தாம்மா.”

கனடாவில் இதையே செய்துபார்த்திருக்கிறார்கள். மணிக்கட்டு முறிந்த ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள். நல்ல கையைப் பழக்கியவர்களின் முறிந்த கை, 12-ஆவது வாரத்தில் மற்றவர்களுடையதைவிட வலுவாக இருந்தது. 2013-இல் வந்த அந்த முடிவை அம்மாவுக்குச் சொன்னேன். 26-ஆவது வாரத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

“எப்படியும் ஆறு மாசத்துல எல்லாருக்கும் ஒண்ணாயிடுமாம்மா.”

“அதுவரைக்கும் ரசஞ்சோத்த ஸ்பூன்ல அள்ளித் திங்கச் சொல்றியா?” என்றாள்.