விதி என்று எழுதும் உரிமை

உடம்பு முடியாமல் படையிலிருந்து அனுப்பப்படும் சிப்பாய்க்கு மருத்துவக் குழு நிரப்பும் படிவத்தில் ஒரு சின்ன அட்டவணை உண்டு. நோயின் பெயருக்கு நேராக மூன்று கட்டங்கள். பணியால் வந்ததா, பணியால் கூடியதா, பணியோடு தொடர்பில்லாததா? ஒவ்வொன்றிலும் எஸ் அல்லது நோ. கடைசியாகக் காரணம் எழுத ஒரு கட்டம். ஹவில்தார் கிளார்க்காக இருந்த காலத்தில் இந்தப் படிவங்கள் என் மேசை வழியாகப் போயின. இப்போது ராசிபுரத்தில் ஓய்வில் இருக்கிறேன். அதே படிவங்களின் ஜெராக்ஸ் மஞ்சப்பைக்குள் நாலாக மடிந்து என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறது. ‘நோ, நோ, எஸ்’ என்று அடித்திருந்தால் டிசபிலிட்டி பென்சன் கிடையாது. காரணக் கட்டத்தில் பல நேரம் ஒரே சொல்தான் இருக்கும்: கான்ஸ்டிடியூஷனல். உன் உடம்பிலேயே இருந்தது, எங்களுக்கு அதில் பங்கில்லை என்று அர்த்தம்.

சேந்தமங்கலத்துக்கு அந்தப் பக்கம், கொல்லிமலை அடிவாரத்திலிருந்து ஒரு தம்பி அப்படி ஒரு காகிதத்தோடு வந்தார். 1997இல் சேர்ந்தவர். ராணுவத்தின் விநியோகப் பிரிவான ஏ.எஸ்.சி.யில் டிரைவர். லே சாலையில் சரக்கு வண்டி ஓட்டியிருக்கிறார். கீழே இறங்கி ஒரு பீஸ் ஸ்டேஷனுக்கு வந்த பிறகு ஒரு நாள் காலை அணிவகுப்பில் வலிப்பு வந்து விழுந்தார். பிறகு இன்னும் இரண்டு முறை. 2006இல் மருத்துவக் குழு வழியாகப் போர்டு அவுட். பத்து வருடம் நிறையாததால் அன்றைய விதிப்படி மாதப் பென்சனும் இல்லை, கையில் கிராஜுவிட்டி மட்டும். (2019 ஜனவரி 4 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் இருந்தவர்களுக்கு அந்தப் பத்து வருட நிபந்தனையைப் பிற்பாடு தளர்த்தினார்கள். இவருக்கு அது எட்டாது.) சேர்ந்த அன்று வலிப்பு இருந்ததாக ஒரு துண்டுக் காகிதம் கூடக் கிடையாது. நாமக்கல் மண்ணில் ஹெவி லைசென்ஸ் கையில் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். வலிப்புக்காரன் ஸ்டியரிங் பிடிக்க முடியாது. கோழிப்பண்ணையில் முட்டை அட்டை அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

கூட வந்த அவருடைய அம்மா சொன்னார்: “எல்லாம் அவன் தலையெழுத்து சாமி. கவருமெண்டு என்ன பண்ணும்?”

இதைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும் என்று நினைத்தேன். வினையில் எனக்கு நம்பிக்கை உண்டு. திருச்செங்கோட்டில் நடக்கும் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறவன், மலையேறி அர்த்தநாரீசுவரரைக் கும்பிடுகிறவன். அந்த அம்மா சொன்னதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவர் சொன்னதும் படிவம் சொன்னதும் ஒன்றா? மகனுக்கு வந்த துன்பத்தைத் தாங்கிக்கொள்ள ஒரு தாய் விதி என்கிறார். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமலிருக்க ஓர் அலுவலகம் அதையே வேறு பெயரில் எழுதுகிறது. அனுபவிக்கிறவன் தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியதை, கடன்பட்டவன் அவனுக்கு எடுத்துச் சொல்ல உரிமை இல்லை என்பதே என் கட்சி.

வகுப்பில் இதை வைத்தபோது ஒரு பெரியவர் கேட்டார்: “அதே மலைக்கு நூறு பேர் போனாங்க. அதே குளிரு, அதே காத்து. வலிப்பு ஒருத்தருக்குத்தானுங்களே வந்துச்சு? அப்ப அது அவரு வினைதானுங்களே?” நல்ல கேள்வி. மருத்துவக் குழுவும் இதைத்தான் கேட்கிறது. நூறு பேர் நின்ற இடத்தில் குண்டும் ஒருவன் மேல்தான் படுகிறது. அவன் மேல் ஏன் பட்டது என்று இறைவனுக்குத்தான் தெரியும். அதற்காக அவன் படிவத்தில் யாரும் கான்ஸ்டிடியூஷனல் என்று எழுதுவதில்லை. ஏன் அவன், என்ற கேள்வி ஒன்று. யார் அனுப்பியது, என்ற கேள்வி இன்னொன்று. முதலாவதற்கு விடை நம் கையில் இல்லை. இரண்டாவதற்கு விடை மூவ்மெண்ட் ஆர்டரில் தேதியோடு, முத்திரையோடு இருக்கிறது. ரத்தம் தெரிகிற காயத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்கிறோம். மூளைக்குள், நரம்புக்குள், மனசுக்குள் நடக்கிற காயத்தில் மட்டும் முதல் கேள்வியைக் கிளப்பி இரண்டாவதை மூடிவிடுகிறோம்.

சித்தாந்தமே இதற்கு இடம் கொடுக்கவில்லை என்பது என் எண்ணம். வினை சடம், அறிவில்லாதது, தானாக நடந்து வந்து செய்தவனைச் சேராது. இறைவன் ஆணை அதைக் கூட்டுவிக்க வேண்டும் என்பது மெய்கண்டார் வழி வந்தவர்களின் அடிப்படைக் கொள்கை. இப்பிறவியில் நுகர வேண்டிய வினையான பிராரத்தம் வந்து சேரும் வழிகளையும் சித்தாந்தம் மூன்றாகப் பிரித்துக் காட்டும். அவற்றில், குளிர், மழை, வெயில் போன்ற பூதங்களால் வருவது ஆதிபௌதிகம். அதாவது வினைக்குக் கூட ஒரு வாசல் வேண்டும். லே சாலையின் குளிரும், தூக்கமில்லாத இரவுகளும் அந்த வாசல் என்றால், அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தியவனுக்குப் பொறுப்பு இல்லையா? வகுப்புப் பெரியவர் பதில் சொல்லவில்லை. ஒத்துக்கொண்டார் என்று நான் எடுத்துக்கொள்ளவும் இல்லை.

நம் அரசாங்கமே ஒரு காலத்தில் இதைத் தெளிவாக உணர்ந்து எழுதி வைத்திருந்தது. 1982ஆம் ஆண்டின் பென்சன் உரிமை விதிகள் சொன்னது இதுதான்: சேரும்போது உடலும் மனமும் நலமாக இருந்ததாகவே கொள்ள வேண்டும், உரிமை கோருகிறவனை நிரூபிக்கச் சொல்லக் கூடாது, நியாயமான சந்தேகம் வந்தால் பலன் அவனுக்கே. களப்பணியில் இருந்தவனுக்கு இன்னும் தாராளமாக. நோய் பீஸ் ஸ்டேஷனில் வந்ததா, களத்தில் வந்ததா என்பது பொருட்டல்ல என்று படை மருத்துவப் பணி ஒழுங்குமுறைகளின் 423ஆம் பத்தியில் இருக்கிறது. எழுதியவர்கள் யாரோ, நியாயம் தெரிந்தவர்கள்.

எழுதியது ஒன்று, நடந்தது ஒன்று. தரம்வீர் சிங் என்ற சிப்பாய் 1985இல் சிக்னல்ஸில் சேர்ந்தார். வலிப்பு. 1994இல் அனுப்பப்பட்டார். ஊனம் இருபது சதவீதம், பணியோடு தொடர்பில்லை என்று முடிவு. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி கொடுத்ததை டிவிஷன் பெஞ்ச் எடுத்துவிட்டது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. சேரும்போது குறிப்பு இல்லை, குழு காரணமும் எழுதவில்லை, அப்படியென்றால் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. சேந்தமங்கலத் தம்பியின் காகிதத்தையும் அந்தத் தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அதே நோய், ஏறக்குறைய அதே ஒன்பது வருடம்.

அந்தத் தீர்ப்போடு ஓய்ந்திருக்க வேண்டும். ஓயவில்லை. 2015இல் ராஜ்பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடி அதையே சொல்ல வேண்டி வந்தது. சியாச்சினில் வலிப்பு கண்டு 1989இல் வெளியேற்றப்பட்ட பிஜேந்தர் சிங்குக்கு 2025 ஏப்ரலில்தான் அதே நீதிமன்றத்தில் நியாயம் கிடைத்தது. முப்பத்தாறு வருடம். இளைஞனாக வெளியே வந்தவன் தாத்தா ஆகும் காலம். இடையில் விதிகளும் மாறின. நோய் பணிக்காலத்தில் தலைகாட்டியது என்பதால் மட்டும் பணியால் வந்ததாகாது என்று 2008 விதிகள் திருத்தின. பதினைந்து வருடம் கழித்துக் கேட்டால் நிரூபிக்கும் பாரம் கேட்கிறவன் தலையில். 2023 செப்டம்பரில் இன்னொரு தொகுப்பு வந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மத்திய தணிக்கைத் துறையான சிஏஜியின் அறிக்கை ஒன்று, ஓய்வு பெறும் அதிகாரிகளில் மூன்றில் ஒருவருக்கும் மேல் ஊனப் பலன் பெறுவதையும், ஜவான்களில் அந்தப் பங்கு அதில் பாதிக்கும் குறைவு என்பதையும் காட்டியது. ரத்த அழுத்தம், சர்க்கரை என்று சொல்லி ஓய்வுக்கு முன் வாங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள் என்ற பேச்சு படைக்குள்ளேயே உண்டு. இருக்கலாம். பொதுப்பணத்துக்குக் காவல் வேண்டும்தான். ஆனால் அந்தக் கணக்கே காட்டுவது என்ன? படிவம் படிக்கத் தெரிந்தவனுக்கு வழி தெரிகிறது. முப்பது வயதில் போர்டு அவுட் ஆகி, ஆங்கிலத்தில் அடித்த காகிதத்தைப் பரணில் போட்டவன்தான் கெடுபிடியில் மாட்டுகிறான்.

பழைய சேலம் மாவட்டம், தர்மபுரியும் சேர்ந்திருந்த காலத்துச் சேலம், நடுகல் நிறைந்த பூமி. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊர் கல் நட்டது. பல இடங்களில் அவன் பிள்ளைகளுக்கு நிலமும் விட்டது. அந்த நிலம் உதிரப்பட்டி என்று கல்வெட்டுகளில் வருகிறது. வினையை நம்பாத ஜனங்கள் இல்லை அவர்கள். அவன் ஏன் செத்தான் என்பதை விதியிடம் விட்டார்கள். அவன் வீட்டுக்குச் சோறு யார் போடுவது என்பதை விதியிடம் விடவில்லை.

வெளிநாட்டிலும் இந்தப் போராட்டம்தான். வியட்நாமில் ஏஜென்ட் ஆரஞ்சு தெளித்த இடங்களில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு, குறிப்பிட்ட சில நோய்கள் வந்தால் பணியால் வந்ததாகவே கொள்ளலாம் என்று 1991இல்தான் அங்கே சட்டம் வந்தது. போர் முடிந்து பதினாறு வருடம் கழித்து.

மருத்துவக் குழு காரணம் எழுதியே தீர வேண்டும் என்று 2025இல் டெல்லி உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அழுத்திச் சொல்லியிருக்கின்றன. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை. எந்தப் பரிசோதனை, எந்த வருடம், எந்த இடத்தில் பணி, ஏன் தொடர்பில்லை என்று நாலு வரி எழுத உட்கார்ந்தால் பாதிப் பேருக்குப் பேனா ஓடாது. அந்த நாலு வரியைச் சிப்பாயின் மொழியில் அவனுக்குப் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது என் தனிக் கோரிக்கை.

தாமதத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மறுப்புக் கடிதம் வந்தால் முதல் அப்பீலுக்கு ஆறு மாதம். அதற்கு மேல் இரண்டாம் அப்பீல், அதற்கு மேல் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயம். பென்சன் மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் காலம் கடந்தும் கேட்கலாம், ஆனால் பின்பாக்கி மூன்று வருடத்துக்கு மேல் வராது என்பது 2008இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி. சேந்தமங்கலத் தம்பி பதினேழு வருடம் கழித்து வந்தார். ஜெயித்தாலும் அதில் பதினான்கு வருடம் போனது போனதுதான். மறுப்புக் கடிதம் வந்த அன்றைக்கு அது நம் தலையெழுத்து என்று அவரும் அவர் அம்மாவும் நம்பினார்கள். ஆஞ்சநேயர் கோயிலுக்குச் சனிக்கிழமைதோறும் போனார்கள். அப்பீல் போடவில்லை. கோயிலுக்குப் போக வேண்டாம் என்று யாரிடமும் நான் சொல்வதில்லை. அதே வாரத்தில் மெடிக்கல் போர்டு காகிதத்தின் நகலைக் கேட்டு ரெக்கார்ட் ஆபீசுக்கு ஒரு பதிவுத் தபால் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

தீர்ப்பாயத்தில் மனுப் போடும்போது தாமதத்துக்குக் காரணம் சொல்லி ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டும். “விதின்னு நெனைச்சு விட்டுட்டோம், அதையே எழுதிருங்கண்ணா” என்றார் தம்பி. வக்கீல் ஒப்புக்கொள்ளவில்லை, விதியை நீதிமன்றம் காரணமாக ஏற்காது என்றார். வறுமை, சட்டம் அறியாமை என்று எழுதினோம். வழக்கு நிலுவையில் இருக்கிறது. சிப்பாய் தன் பக்கத்துக்கு எழுத முடியாத அந்தக் காரணத்தை, அவனை அனுப்பியவர்கள் தங்கள் பக்கத்துக்கு ஒற்றைச் சொல்லில் எழுதினால் மட்டும் எப்படி ஏற்பது என்று அங்கே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.